படகுத்துறை இல்லாத தீவு

தீவுக்கு நாங்கள் போவதில்லை. தீவு எங்கள் வீட்டுக்கு வரட்டும்!

இந்த முடிவை எடுத்தபோது என் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குளியலறைக் கண்ணாடியில் நான் பார்த்தேன். அசந்துபோனேன். படையெடுக்கப் புறப்படும் ராஜாவின் களை. தலையில் கிரீடத்துக்குப் பதிலாகத் துண்டு இருந்தது, அவ்வளவுதான்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்க் கடற்கரையில் நின்றால் எதிரே ஒரு பழைய நகரத் தீவு தெரியும். கோட்டை மதில், மணிக்கூண்டு, ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நின்று வேடிக்கை பார்ப்பதுபோல் சிவப்புக் கூரை வீடுகள். பல நூறு வருஷத்து நகரம். படகில் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. கல்யாணமான புதிதில், புது மாப்பிள்ளை மிடுக்கில், கரையில் நின்று அந்தத் தீவைக் கைகாட்டி, "அடுத்த மாசம் உன்னை அங்க கூட்டிட்டுப் போறேன்" என்று என் மனைவியிடம் சொல்லித் தொலைத்தேன். அந்த அடுத்த மாசம் இன்னும் வரவில்லை. இந்தக் கல்யாண நாளோடு இருபத்தைந்து வருஷம் ஆகிறது.

காரணம் எளிது. எனக்குப் படகு என்றால் பயம். சும்மா பயம் இல்லை. வாளியில் பிளாஸ்டிக் கப்பு மிதந்து ஆடினாலே எனக்கு வயிற்றைப் புரட்டும். இதில் கூத்து என்னவென்றால், நான் வேலை பார்ப்பது குடிநீர் அலுவலகத்தில். ஊருக்கே தண்ணீர் திறந்துவிடுகிறவன் நான்தான். ஆனால் தண்ணீர் குழாய்க்குள் இருக்கும்வரைதான் அதற்கும் எனக்கும் சிநேகம்.

இந்த ரகசியம் என் மனைவிக்குத் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். வருஷத்துக்கு ஒரு சாக்கு சொல்வேன். லீவு இல்லை. கடல் சரியில்லை. பிரதான குழாய் வெடித்துவிட்டது. ஒரு வருஷம் சாக்கு எதுவும் சிக்காமல், நானே போய் ஒரு குழாயை உடைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

என் மனைவி தையல்காரி. முன்னறையில் இரண்டு மிஷின், கழுத்தில் எந்நேரமும் டேப். யாரைப் பார்த்தாலும் முதலில் தோள் அளவைத்தான் பார்ப்பாள். போன மாதம் ஒரு நாள், சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமலே ஆரம்பித்தாள்.

"ஏங்க, கல்யாண நாளுக்கு என்ன?"

"என்னன்னா?"

"தீவு."

"போலாமே! தாராளமா போலாம். ஆபீஸ்ல மட்டும்..."

"மேலதிகாரிக்கு மூட்டு வலியா?"

"அது போன வருஷம். இப்ப கழுத்து."

"அவரு உடம்புல இன்னும் எந்த இடம் பாக்கி இருக்கு? முன்னாடியே சொல்லிட்டா நான் அடுத்த வருஷத்துக்கும் சேத்து மனசைத் தேத்திக்குவேன்."

நான் பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொண்டேன். பேப்பர் தலைகீழாக இருந்ததை அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் அலுவலகம் விட்டு வரும்போது மழை. ஒதுங்கியது என் மைத்துனன் கடையில். மைத்துனன் என்றால் மனைவியின் தம்பி. டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். உள்ளே சுவரில் அந்தத் தீவு! வெள்ளைப் பீங்கானில் நீல மையால் வரைந்து, கூரைக்கு மட்டும் சிவப்புத் தொட்டு, இருபத்து நான்கு டைல்களில் ஒரு முழு நகரம். மணிக்கூண்டில் முள்கூட இருந்தது. மாடி ஜன்னலில் கொடி கட்டித் துணி காயப் போட்டிருந்தார்கள்.

"கை வேலை, அத்தான்" என்றான் மைத்துனன். "அந்தத் தீவுலயே பட்டறை வச்சு வரையிறாங்க. அடுப்படிச் சுவர்ல ஒட்டிப் பாருங்க. அக்கா தினமும் தீவைப் பாத்துக்கிட்டே சமைக்கலாம்."

தினமும் தீவைப் பார்க்கலாம்! எனக்கு உச்சந்தலையில் பல்பு எரிந்தது. பெண்டாட்டி கேட்டது தீவு. நான் கொடுக்கப்போவதும் தீவு. நடுவில் கடல் என்கிற தொந்தரவு மட்டும் இல்லை. அங்கேயே ஒரு செட் வாங்கி, இரண்டு பெட்டிகளாகக் கட்டி, மனைவி வாடிக்கையாளர் வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து வீட்டுக்குக் கொண்டுவந்து, கட்டிலுக்கு அடியில் பெட்டி படுக்கைகளுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வரை யாருக்கும் மூச்சுக்காட்டவில்லை.

ஞாயிறு காலை அவளை அடுப்படியில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன். பசையைக் குழைத்தேன். மேல் வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக ஒட்டினேன். வானம் வந்தது. மணிக்கூண்டு வந்தது. கூரைகள் வந்தன. அவள் ஸ்டூலை விட்டு எழுந்து வந்து, மூக்கு சுவரில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள்.

"அய்யோ, எவ்வளவு அழகு! இந்த ஜன்னல்ல பாருங்க, பாவாடை காயுது. இடுப்பு அளவு கொஞ்சம் தப்பு."

"உனக்காகத்தான்" என்றேன், குரலில் தேன் தடவி. "இனிமே டிக்கெட் வேணாம், வரிசையில நிக்க வேணாம், வெயில் வேணாம். கண்ணைத் தொறந்தா தீவு."

"ரொம்ப யோசிச்சிருக்கீங்க" என்றாள்.

அந்த வாக்கியத்தில் ஏதோ இருந்தது. அப்போது எனக்கு உறைக்கவில்லை. வெற்றி காதை அடைத்திருந்தது.

கடைசி வரிசை. நடுவில் ஒரு டைல் பாக்கி. பெட்டிக்குள் கையை விட்டேன். வைக்கோல்தான் வந்தது. இன்னொரு பெட்டி. அதிலும் வைக்கோல். கட்டிலுக்கு அடியில் தேடினேன். பீரோவுக்குப் பின்னால் தேடினேன். அவள் துணி மூட்டைகளை எல்லாம் பிரித்துக் கொட்டி, பிறகு அவள் பார்த்த பார்வையில் திரும்ப மூட்டை கட்டினேன். நாய் தூக்கிக்கொண்டு போயிருக்குமோ என்று பார்த்தால், எங்களுக்கு நாயே கிடையாது.

"முதல்ல உக்காந்து டீ குடிங்க" என்றாள் மனைவி.

கெட்டிலை மேசைக்குக் கொண்டுவந்தாள். அடியில் வழக்கம்போல் எதையோ வைத்து, அதன்மேல் இறக்கினாள். எங்கள் மேசை விரிப்பைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவள் கையாலேயே ஓரம் முழுக்கப் பூ வேலை செய்தது. அதில் ஒரு சொட்டு டீ விழுந்தால் வீட்டில் ஒரு வாரம் யாரும் பேச முடியாது. அதனால் நானும் என் கப்பைக் கெட்டிலுக்குப் பக்கத்தில், அந்த எதன்மேலோ ஓரமாக ஒண்டி வைத்தேன்.

"விட்டுடலாம்" என்றேன். "ஒரு டைல்ஸ்தானே? அதுல வெறும் தண்ணிதான் இருந்திருக்கும்."

"தண்ணி இல்லைங்க. இந்தப் பக்கம் பாருங்க, படிக்கட்டு ஆரம்பிக்குது. அந்தப் பக்கம் படகோட மூக்கு. நடுவுல இருக்க வேண்டியது படகுத்துறை."

"சரி, படகுத்துறை இல்லாம போகட்டுமே."

"படகுத்துறை இல்லாத தீவுல எப்படி இறங்குறது?"

"சுவர்ல இருக்கிற தீவுல யாரு இறங்கப் போறா?"

வாய் தவறி வந்துவிட்டது. அவள் கொஞ்ச நேரம் அந்தச் சிமெண்டுச் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும் இல்லதான்" என்றாள். கப்பை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டாள். மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. எனக்கு அந்த டீ இறங்கவில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. ஓட்டையை மறைத்து ஒரு காலண்டர் மாட்டினேன். அடுப்புச் சூட்டில் அது சுருண்டுகொண்டது. வெள்ளை டைல் ஒன்றை வாங்கி, பேனாவால் நானே படகுத்துறை வரைந்து நிறுத்தினேன்.

"இது என்னங்க, சோப்புப் பெட்டியா?"

"படகு."

"அதுக்கு மேல?"

"படகுக்காரர்."

"பாவம், அவருக்கு ரெண்டு கையும் ஒரே தோள்ல இருக்கு."

மைத்துனனுக்கு போன் போட்டேன்.

"தனி டைல்ஸ் கடைக்கு வராது, அத்தான். பட்டறைக்குத்தான் போகணும்."

"அனுப்பி வைக்கச் சொல்லேன்."

"பக்கத்து டைல்ஸோட கோடு எல்லாம் ஒட்டணும். நேர்ல அளவு காட்டினாத்தான் வரைவாங்க."

"உன் கடை ஆளை அனுப்பு."

"அவரு வர முடியாது, அத்தான்."

"ஏன்?"

"மூட்டு வலி."

இந்த மூட்டு வலியை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. கடைசி அஸ்திரமாக மனைவியிடம் போனேன்.

"நீயும் உன் தம்பியும் ஒரு எட்டு போயிட்டு வந்துடுங்களேன்."

"இருபத்தஞ்சாவது கல்யாண நாளுக்குத் தம்பியோட போறதா? எங்க உங்க வீட்டுக்காரருன்னு கேட்டா என்ன சொல்ல? சுவருக்குக் காவல் இருக்காருன்னு சொல்லவா?"

இப்படியே நாட்கள் ஓடின. ஒரு நாள் காலையில் தண்ணீர் குடிக்க அடுப்படிப் பக்கம் போனேன். வாசலிலேயே நின்றுவிட்டேன். அவள் எனக்கு முதுகைக் காட்டிச் சுவரோரம் நின்றிருந்தாள். வலது கையின் இரண்டு விரல்களைக் கால்கள் மாதிரி வைத்து, படகின் மூக்கிலிருந்து அந்த ஓட்டையைத் தாண்டி, படிக்கட்டில் ஒவ்வொரு படியாக நடத்திக்கொண்டு போனாள். கோட்டை வாசல் வரை போனதும் விரல்கள் நின்றன. திரும்பிப் பார்ப்பதுபோல் கொஞ்சம் வளைந்தன. பின்னால் யாரும் வரவில்லை.

நான் பூனை மாதிரித் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷமாக என் துணியைத் துவைத்து, என் சளிக்குக் கஷாயம் வைத்து, நான் சொன்ன சாக்கையெல்லாம் வாங்கி மடித்து வைத்துக்கொண்டவள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் நான் பசை போட்டுச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

எழுந்து போனேன். "கிளம்பு. போலாம்."

"எங்க?"

"தீவுக்கு. டைல்ஸ் வாங்க."

"ஆபீஸு?"

"கிடக்குது."

"மேலதிகாரி?"

"குண்டுக்கல்லு மாதிரி இருக்காரு."

அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை என்று தெரிந்ததும் மளமளவென்று வேலையில் இறங்கினாள். சட்டைக்கு அளவு வெட்டுகிற காகிதத்தை ஓட்டையின்மேல் வைத்து, நான்கு பக்கத்துக் கோடுகளையும் பென்சிலால் ஒற்றி எடுத்தாள். எந்தக் கோடு எதோடு சேர வேண்டும் என்பதற்கு அவளுடைய தையல் அடையாளங்களைப் போட்டாள்.

மறுநாள் காலை படகுத்துறைக்குப் போனோம். அவள் கையில் ஒரு பெரிய பை. ஒரு டைல் வாங்கப் போகிறவளுக்கு எதற்கு இவ்வளவு பெரிய பை என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். படகு கரையோடு ஒட்டி நின்று ஆடிக்கொண்டிருந்தது. பார்க்கும்போதே எனக்குக் காது அடைத்தது. எப்படி ஏறினேன் என்று தெரியாது. நடு பெஞ்சில் உட்கார்ந்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"கண்ணுல என்னங்க?"

"தூசி."

"ரெண்டு கண்ணுலயுமா?"

படகு நகர்ந்தது. என் வயிறு கரையிலேயே நின்றுவிட்டது. இனிமேல் மறைத்துப் பயனில்லை.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன், கண்ணைத் திறக்காமலே. "எனக்குப் படகுன்னா பயம். ரொம்பப் பயம். அதனாலதான் இத்தனை வருஷமா..."

"தெரியும்."

ஒரு கண்ணை மட்டும் திறந்தேன். "தெரியுமா? எப்பலேருந்து?"

"கல்யாணமான புதுசுல பூங்காவுக்குப் போனோமே. குளத்துல அன்னப்பறவை மாதிரி படகு விட்டாங்க. நீங்க டிக்கெட்டை வாங்கிட்டு வந்து, காத்து அடிச்சிட்டுப் போயிடுச்சுன்னு சொன்னீங்க. டிக்கெட்டு சட்டைப் பையிலேயே இருந்தது. துவைக்கிறப்ப எடுத்தேன்."

"அன்னிக்கே தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

கழுத்திலிருந்த டேப்பை எடுத்தாள். ஒரு முனையை என் மணிக்கட்டில் கட்டினாள். மறுமுனையைத் தன் மணிக்கட்டில் கட்டினாள். "இப்ப விழுந்தா ரெண்டு பேரும்தான்" என்றாள். பையிலிருந்து எலுமிச்சை மிட்டாய் ஒன்றை எடுத்து என் வாயில் போட்டாள். இந்த ஏற்பாடு எல்லாம் நேற்று முளைத்தது மாதிரி இல்லை. ஆனாலும் அந்த டேப் இருந்ததால்தான் நான் மறு கரை சேர்ந்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

இறங்குகிற இடம் படங்களில் வருகிற மாதிரியேதான் இருந்தது. பாசி படிந்த கல் படிகள், இரும்பு வளையம், மேலே கோட்டை வாசல். அவள் ஒரு குதி குதித்து இறங்கிவிட்டாள். நான் எப்படி இறங்கினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். சொல்லாமல் விடலாம் என்று பார்த்தால், அதற்குச் சாட்சி இருக்கிறது.

படிக்கு நேர் மேலேயே பட்டறை. விரலெல்லாம் நீல மை ஏறிய ஒரு அம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார். மனைவி அளவுக் காகிதத்தை நீட்டி, அடையாளங்களை விளக்கினாள். பிறகு டேப் எட்டுகிற தூரத்தில் என்னை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, இருவரும் குசுகுசுவென்று ஏதோ பேசினார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டது.

"எப்ப தருவாங்களாம்?" என்றேன் அவள் வந்ததும்.

"இனிமே வரைஞ்சு, சூளையில வச்சு, ஆறணுமாம். நாளைக்குத்தான்."

"நாளைக்கா? மாத்துத் துணி, பல்லு விளக்க பிரஷ்ஷு எதுவும்..."

அவள் பையைத் திறந்து காட்டினாள். என் வேட்டி, சட்டை, பிரஷ், நான் தலைக்கு வைத்துக்கொள்கிற சிறிய தலையணை. தலையணைக்குப் புது உறைகூடத் தைத்துப் போட்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் படகுத்துறைப் படியில் உட்கார்ந்தோம். எதிரே எங்கள் ஊர். அங்கிருந்து பார்க்கிறபோது அது அழகான ஊராகத் தெரிந்தது. எங்கள் அலுவலகத்துத் தண்ணீர்த் தொட்டிகூட ஒரு கோபுரம் மாதிரி இருந்தது.

"அங்க நின்னு எத்தனை நாள் இங்க பாத்திருக்கேன்" என்றாள்.

"என்மேல கோபமா?"

"இருந்தது. படகுல ஏறி உக்காந்து கண்ணை இறுக்கி மூடிக்கிட்டீங்க பாருங்க, அதோட போச்சு. பயந்தவரு ஏறுறதுதானே பெருசு."

மணிக்கட்டில் டேப் அப்படியே இருந்தது. அவிழ்க்கச் சொல்லி இருவருமே கேட்கவில்லை.

மறுநாள், எங்கள் கல்யாண நாளன்று, டைல் கைக்கு வந்தது. கோடுகள் எல்லாம் அச்சாக ஒட்டின. படகுத்துறை, படிகள், இரும்பு வளையம். படியில் அரிசி மணி அளவுக்கு இரண்டு பேர். முன்னால் கம்பீரமாக ஒரு பெண். பின்னால் அவள் முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிக்கொண்டு, கண்ணை மூடியபடி ஒரு ஆண்.

"நான் ஒரு கையாலதான் பிடிச்சேன்" என்றேன்.

"ரெண்டு கையாலயும்தான்" என்றார் அந்த அம்மாள். "நான் இந்த ஜன்னல்லேருந்து பாத்தேனே!"

திரும்பி வரும்போது பாதிக் கடல் வரை கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

வீட்டுக்கு வந்த கையோடு டைலை ஒட்டினேன். தீவு முழுதானது. இனி எங்கள் அடுப்படிக்கு வருகிற அத்தனை பேரும் பெண்டாட்டி முந்தானையைப் பிடித்துக்கொண்டு நான் தீவில் இறங்குவதைத் தண்ணீர் குடித்துக்கொண்டே பார்க்கலாம். போகட்டும். அவள் முகம் இருந்த இருப்புக்கு இன்னும் நாலு டைலில் வேண்டுமானாலும் தொங்குவேன் என்று தோன்றியது.

அவள் டீ போட்டுக் கொண்டுவந்தாள். அடியில் எதையோ வைத்துக் கெட்டிலை இறக்கப் போனாள். இந்தத் தடவை அந்த எதையோ நான் கவனித்தேன். செங்கல் நிறத்தில், வரிவரியாக ஒரு சதுரம். அந்த ஞாயிற்றுக்கிழமை இருபத்து மூன்று தடவை பசை தடவிய அதே முதுகு! பாய்ந்து எடுத்துத் திருப்பினேன்.

படகுத்துறை. படிகள். இரும்பு வளையம். படியில் ஆள் யாரும் இல்லை.

"இது... இது எங்க இருந்தது?"

"நீங்க தினமும் டீ குடிச்சீங்களே, அதுக்கு அடியிலதான்."

"கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வச்சிருந்தேனே! உனக்கு எப்படித் தெரியும்?"

"கட்டிலுக்கு அடியில தினமும் யாருங்க பெருக்குறது?"

"உன் தம்பி?"

"மூட்டு வலின்னு சொல்லச் சொன்னது நான்தான்."

நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தேன். கோபப்பட வேண்டும் என்று முயற்சி செய்தேன். வரவில்லை. ஒன்று மட்டும் கேட்கத் தோன்றியது.

"அன்னிக்குச் சுவரோரம் நின்னு விரலால படியேறிப் போனியே. அதுவும் நடிப்புதானா?"

அவள் கெட்டிலோடு அப்படியே நின்றாள். காது வரை சிவந்துபோனாள்.

"அய்யோ! அதை நீங்க பாத்தீங்களா?" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைக்க அதிக நேரம் ஆனது.

"பாத்ததாலதான் கிளம்பினேன்" என்றேன். "உன் திட்டத்துக்கெல்லாம் நான் மசியிற ஆளா?"

"இல்லைங்க" என்றாள், சிரித்தும் சிரிக்காமலும்.

"அது சரி, இந்த டைல்ஸ் முன்னாடியே இருந்தப்ப, அங்க போய் எதுக்கு இன்னொண்ணு வரையச் சொன்னே?"

"இதுல நாம இல்லையே."

டைலை என் கையிலிருந்து வாங்கி, இந்தத் தடவை படம் மேலே தெரியும்படி மேசையில் வைத்தாள். கெட்டிலை அதன்மேல் இறக்கி, என் கப்பில் டீ ஊற்றிக் கையில் கொடுத்தாள்.

எனக்கு வீரம் பொங்கியது. கடலைக் கடந்தவன் நான். போக ஒரு தடவை, வர ஒரு தடவை. இத்தனை நாள் என்னை ஏமாற்றிய அந்தச் சதுரத்தில் இனி என் கப்பை வைப்பதில்லை என்று ஒரு முடிவுக்கு வந்தேன். கப்பை ஓங்கினேன். மேசை விரிப்பைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன்.

சத்தம் போடாமல் டைலின்மேலேயே வைத்தேன்.